கடலூர்க் கடலில் பவளப்பாறை ஏன் இல்லை? நாம் தப்பாக நினைப்பவை

கார்த்திகை மழைக்கு அப்புறம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பாருங்கள். கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் கடல் டீ நிறத்தில் கிடக்கும். “ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற பவளப்பாறை இங்கே ஏன் இல்லை?” என்று கேட்பவர்களை அந்தத் தண்ணீரைப் பார்க்கச் சொல்வேன்.

கடல் இருந்தால் பவளம் வளரும் என்பதுதான் பெரிய தவறு. பவளம் ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு பாசி தயாரிக்கும் உணவில்தான் பவளத்தின் வயிறு பெரும்பாலும் நிறைகிறது. தண்ணீர் கலங்கினால் வெளிச்சம் போச்சு. படியும் சேறு பவளத்தை மூச்சுமுட்ட வைக்கும். ஆற்று நீர் உப்பைக் குறைத்தாலும் தாங்காது. குஞ்சுப் பவளம் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரையும் வேண்டும். நம் கரையோரத்தில் இருப்பதோ அலையோடு நகரும் மணல். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி, ஆழமில்லாத நீரும் கெட்டித் தரையும் சேர்ந்து வாய்த்திருக்கின்றன.

புதுச்சேரியில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் போட்டிருக்கும் செயற்கைத் திட்டைப் பவளப்பாறை என்று சிலர் சொல்கிறார்கள். அது அலையின் வேகத்தைக் குறைத்து மணல் சேர்வதற்காக வைத்த இரும்புக் கட்டமைப்பு.

பவளத்துக்கு வெதுவெதுப்பான கடல் பிடிக்கும் என்பதால் சூடு ஏற ஏற நல்லது என்று நினைக்காதீர்கள். 23 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். வெளுத்தால் செத்தது என்று அர்த்தமில்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக, ஷோகேஸில் வைக்கும் வெள்ளைக் ‘கல்’. அதுவும் பவளம்தான். தெரிந்தவர் வீட்டில் ஒன்றைக் கையில் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேலெல்லாம் நட்சத்திரம் போலச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய தடுப்புகள். ஒரு குழி, ஓர் உயிரின் வீடு. உருண்டைப் பவளம் தேங்காய் அளவுக்கு வளரப் பத்து வருஷம்கூட ஆகும். 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.