வன்னியில் பழைய இராணுவ லொறி ஓட்டுபவர் பார்க்க வேண்டியவை

ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறியைக் கராஜுக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் எஞ்சின் சத்தத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் முதலில் சில்லுகளைப் பார்ப்பேன், அடுத்தது பிறேக், அப்புறம் ஸ்டியரிங். எஞ்சின் நின்றுபோனால் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் ஒரு இரவு படுக்க வேண்டிவரும், அவ்வளவுதான். மற்ற மூன்றில் ஒன்று போனால், ரோட்டோரமாகச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் உயிர் போகும்.

சில பழைய இராணுவ வண்டிகளில் றிம் என்பது நட் போட்டு இறுக்கிச் சேர்த்த இரண்டு பாதிகள். அப்படியான சில்லில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டம் சில்லை ஹப்போடு பிடிக்கிறது. வெளிவட்டம் றிம்மின் இரண்டு பாதியையும் பிடிக்கிறது. ரயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைக் கழற்றினால் றிம் பிரிந்து பறக்கும், முன்னால் குந்தியிருப்பவர் பிழைக்கமாட்டார். பிரித்தானிய இராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைப்பது அதனால்தான். நம்மிடம் வந்து சேர்வதற்குள் யாராவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கறுப்பு அடித்திருப்பார்கள். ஆகவே வண்டி வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் செலவு ஒரு சின்ன டின் சிவப்பு பெயின்ற்.

ரயர் கழராமல் பிடிக்க இரும்பாலான பூட்டு வளையம் போட்ட றிம்முக்கும் இதே கவனம் வேண்டும். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்ட பிறகுதான் வளையத்தில் கம்பி வைக்கலாம். திரும்பக் காற்றடிக்கும்போது சில்லை இரும்புக் கூட்டுக்குள் வையுங்கள். நீளமான குழாயில், வால்வைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் தலை போட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று அடியுங்கள். வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் சுத்தியலால் தட்டக்கூடாது. காற்றை விட்டுவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். ரயரின் பூ ஆழமாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருந்தால், முதல் இரண்டும் ரயர் செய்யப்பட்ட வாரம், கடைசி இரண்டும் வருடம். பல வருடம் வெயிலில் நின்ற ரயர் பூ தேயாமலே வெடித்துக் கிடக்கும்.

பிரித்தானிய லொறிகளில் பலவற்றுக்கு இடப்பக்கச் சில்லுகளின் மரை எதிர்த்திசையில் ஓடும். ஆணி நுனியில் ‘எல்’ எழுத்து குத்தியிருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். தெரியாமல் பெரிய பைப்பைக் கோத்து இழுத்து ஆணியை முறித்துக்கொண்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சில்லு மாற்றினால் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கவும் வேண்டும்.

பிறேக் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் றப்பர் போய்விட்டது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. கீழே படுத்து ஒவ்வொரு ரயரின் உட்பக்கச் சுவரையும் பாருங்கள். ஈரமாகத் தூசி ஒட்டியிருந்தால் அந்தச் சில்லின் சிலிண்டர் ஒழுகுகிறது. ஒரு சொட்டு என்றாலும் அன்றைக்கு வண்டி வெளியே போகக்கூடாது. பிறேக் ஒயில் குறைகிறது என்று கையில் கிடைத்த எஞ்சின் ஒயிலை ஊற்றினால் றப்பர் எல்லாம் ஊதிப்போகும், அதன்பிறகு முழுத் தொகுதியையும் பிரித்துக் கழுவவேண்டும். காற்றின் உதவியோடு வேலை செய்யும் பிறேக் என்றால் காற்றுத் தாங்கியின் அடியிலுள்ள வடிகுழாயைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள்.

ஸ்டியரிங்குக்கு ஒரு ஆள் உதவி வேண்டும். அவர் வளையத்தை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்ட, நீங்கள் கீழே இருந்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பாருங்கள். ஆடுகிற மூட்டைக் கை உடனே கண்டுபிடித்துவிடும். ஜக் மட்டும் போட்டுக்கொண்டு கீழே போகாதீர்கள். மற்றச் சில்லுகளுக்குக் கட்டை போட்டு, அச்சுக்குக் கீழே முதிரை அல்லது பாலைக் கட்டை வைத்த பிறகு போகலாம். செம்மண்ணில், அதுவும் மழைக்குப் பிறகு, ஜக் புதைந்து சரியும்.

காலைச் சோதனையில் ஒயில், தண்ணீர், பெல்ற், லைற் எல்லாருக்கும் தெரிந்தவை. 24 வோல்ற் வண்டியில் இரண்டு பற்றறியையும் ஒன்றாகத்தான் மாற்றவேண்டும். புதிதும் பழையதும் சேர்ந்தால் புதியதும் சீக்கிரம் போய்விடும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறைந்திருந்தால் எல்லாரும் கவனிக்கிறார்கள், கூடியிருந்தால் யாரும் கவனிப்பதில்லை. கூடியிருந்தால் முகர்ந்து பாருங்கள். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பெற்றோல் எஞ்சினைச் சொட்டுப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்து, பெயரிங்குகளைத் தின்றது. அந்த நாட்களில் எஞ்சின்களைக் காப்பாற்றிய மெக்கானிக்குகள் மூக்கால்தான் சோதித்தார்கள். அந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைக்கும் ஒயிலில் எரிபொருள் மணந்தால், எரிபொருள் பம்புக்குள் இருக்கும் தோல் (டயபிரம்) கிழிந்திருக்கலாம். ஒயிலை மாற்றுவதற்கு முன் அதைத் தேடுங்கள்.

வழியில் டீசல் எஞ்சின் இருமி நின்றால் பெரும்பாலும் குழாயில் காற்று. வடிகட்டியின் மேலுள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். நுரை போய் டீசல் தெளிவாக வரும்போது இறுக்குங்கள். பிறகு பெரிய பம்பின் திருகிலும் அப்படியே செய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஸ்ராட்டரைச் சுழற்றவேண்டும். காற்று வந்த வழியை அடைக்காமல் புறப்பட்டால் இன்னும் கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் நிற்பீர்கள்.

சூடு ஏறினால் மூடியைத் திறக்கவேண்டாம். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடியும்வரை காத்திருங்கள். நெல் ஏற்றும் காலத்தில் றேடியேற்றருக்குள் பதர் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் வந்த வழியே வெளியேறும்.

முன் அச்சின் இழுவையைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீர்கள். திரும்பும்போது முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழலும். மணலில் சில்லு சறுக்கி அதைச் சமாளிக்கும், ஏ9 வீதியில் அந்த முறுக்கு முழுவதும் கியர்ப்பெட்டியில் இறங்கும்.

மாரியில் குளங்கள் வான்பாய்ந்து பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும்போது, இறங்கி ஆழம் பார்க்காமல் வண்டியை விடவேண்டாம். ஆழமென்றால் விசிறி பெல்ற்றைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் விசிறி வளைந்து றேடியேற்றரைக் கிழிக்கும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே உள்ள காற்றுச் சுருங்கும், அச்சுக்குள் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கரை ஏறியதும் பிறேக்கை இலேசாக அழுத்தியபடி மெதுவாக ஓட்டி ட்ரம்மைக் காயவையுங்கள். அன்றிரவு வண்டியை அசையாமல் விட்டு, காலையில் எடுப்பதற்கு முன் அச்சின் அடி நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஒயிலுக்கு முன்னால் அதுதான் வரும். ஒயில் பால் நிறத்தில் வந்தால் முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள், மூச்சுக்குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் போடுங்கள்.