மகன் பள்ளி பேஸ்பால் டீமில் சேர்ந்தாச்சா? பெற்றோர் செய்யும் தவறுகள்

டெக்சஸில் ஜனவரி கடைசியில் பள்ளி பேஸ்பால் டீமுக்கு ஆள் எடுப்பார்கள். அந்த வாரம் நம் தமிழ் வாட்ஸப் குழுவில் ஒரே கேள்விதான் சுற்றி வரும். "கோச்சிடம் நாம் ஒரு வார்த்தை பேசினால் நடக்குமா?" என் மகன் நான்கு வருடம் பள்ளிக்காக ஆடி முடித்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். போகக் கூடாத விஷயத்துக்கெல்லாம் கோச்சிடம் போய் நிற்கிறோம். கட்டாயம் போக வேண்டிய ஒன்றுக்கு வாயே திறப்பதில்லை.

சீசன் தொடங்கும்போது பெற்றோர் கூட்டம் வைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. பெரும்பாலான பள்ளிகளில் அந்தத் தாளில் இருப்பது இதுதான்: யாரை ஆட வைப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது, அடுத்த வீட்டுப் பையன் எப்படி ஆடுகிறான், இவற்றைப் பற்றிப் பெற்றோரிடம் கோச் பேச மாட்டார். உடல்நலம், நடத்தை, பையன் எதில் முன்னேற வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுவார். அதுவும் மேட்ச் முடிந்த சூட்டில் அல்ல, ஒரு நாள் கழித்து, நேரம் கேட்டு.

என் மகன் பத்தாம் வகுப்பில் தொடர்ந்து மூன்று மேட்ச் பெஞ்சில் உட்கார்ந்தான். நான் நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "அவனையே வந்து பேசச் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்று எனக்குக் கோபம். அன்று ராத்திரி பையன் சமையலறையில் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு, என்ன கேட்பது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். மறுநாள் போய்க் கேட்டான். "அவுட்ஃபீல்டிலிருந்து நீ எறியும் பந்து உயரமாகப் போகிறது, நடுவில் நிற்பவன் கைக்கு வருவதில்லை" என்றார் கோச். பிறகு பயிற்சி முடிந்தும் தினமும் அரை மணி நேரம் நின்று அதையே எறிந்து பழகினான். அதை என் வாயால் கேட்டிருந்தால் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டான்.

ஜேவி என்ற இரண்டாம் நிலை டீமில் போட்டால் அவமானம் என்று நினைக்கிற வீடுகளும் உண்டு. பள்ளியின் முதல் டீமான வார்சிட்டியில் பெஞ்சில் உட்காருவதைவிட ஜேவியில் மேட்ச்சின் ஏழு இன்னிங்ஸும் ஆடுவது பையனுக்கு நல்லது. சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் வேலிக்குப் பின்னால் நின்று கத்துவது. மூன்றாவது பேஸ் பக்கத்தில் கோச் நின்றுகொண்டு தொப்பியைத் தொடுவார், பெல்ட்டைத் தொடுவார், முழங்கையைத் தடவுவார். அதெல்லாம் சைகை. "இந்தப் பந்தை விடு" என்று அவர் சொல்லியிருப்பார். அதே நேரம் அப்பா "அடிடா!" என்று கத்துவார். பையன் யார் பேச்சைக் கேட்பான்? பாதி மட்டை சுற்றி நின்றுவிடும், ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் கை கால் சும்மா இருக்காது, தெரியும். ஆனாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அம்பயரைத் திட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். பள்ளி மேட்ச்சுகளுக்கு அம்பயர் கிடைப்பதே இப்போது கஷ்டமாக இருக்கிறது.

சரி, வாய் திறந்து பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பந்து போடும் பையனின் கை.

2017 முதல் ஒவ்வொரு மாநிலமும் பள்ளி பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், போடும் பந்துகளுக்கு வரம்பு வைத்தாக வேண்டும் என்று தேசிய அளவில் விதி வந்தது. அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துதான் என்கிறது. 76 பந்தோ அதற்கு மேலோ போட்டால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் நான்கு மாதமாவது போட்டிகளில் பந்தே போடக் கூடாது. ஒரே மேட்ச்சில் பிட்சராகவும், விக்கெட் கீப்பர் மாதிரிப் பின்னால் உட்காரும் கேட்சராகவும் இருக்கக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், பள்ளி கோச் எண்ணுவது பள்ளி மேட்ச்சின் பந்துகளை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தனியார் பயிற்சியாளரிடம் போட்ட 40 பந்து அவருக்குத் தெரியாது. கிளப் டீமில் ஆடியதும் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒரே ஆள் காரில் கூட்டிப்போன நீங்கள்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, எங்கே போட்டாலும் எண்ணிக்கையை எழுதுங்கள். வலி என்று பையன் தானாகச் சொல்ல மாட்டான், இடம் போய்விடும் என்று பயப்படுவான். முழங்கையின் உள்பக்கத்தைத் தேய்க்கிறானா, ஓவருக்கு ஓவர் கையை உதறும் வேகப்பந்து வீச்சாளரைப் போல உதறுகிறானா, வழக்கமாகத் தாழ்வாகப் போகும் பந்து மேலே மேலே போகிறதா என்று பாருங்கள். பார்த்தால் அன்றைக்கே கோச்சிடம் சொல்லுங்கள். இதற்கு ஒரு நாள் காத்திருக்க வேண்டாம்.

1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்த முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை இன்று அந்த பிட்சரின் பெயரிலேயே, 'டாமி ஜான் சர்ஜரி' என்று, வழங்குகிறது. அம்மா வழியில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிட்சர் குமார் ராக்கரை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருக்கும் 2023-ல் அந்தச் சிகிச்சை நடந்தது. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக்கில் முதல் மேட்ச் ஆடினார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர், சுற்றிலும் மருத்துவர்கள் இருந்தார்கள். நம் வீட்டுப் பையனுக்கு நாம்தான்.

மார்க் விஷயம். டெக்சஸில் 1984 முதல் 'நோ பாஸ், நோ ப்ளே' சட்டம் இருக்கிறது. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட முடியாது. அது போதும். 92 எடுத்ததற்கெல்லாம் பயிற்சியை நிறுத்தித் தண்டிக்காதீர்கள். அது அவனுக்கு மட்டும் தண்டனை இல்லை, அவனை நம்பி நிற்கிற டீமுக்கும்தான். அதேபோல மார்ச் மாத விடுமுறை சீசனின் நடுவில் வரும். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் மேட்ச் அட்டவணையைப் பாருங்கள். தவிர்க்கவே முடியாத கல்யாணம் என்றால் தேதி தெரிந்த உடனே பையன் போய்ச் சொல்லட்டும்.

ஸ்காலர்ஷிப் கனவில் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களுக்கு ஒரு தகவல். பல வருடங்களாக, கல்லூரி விளையாட்டின் மேல்நிலையான டிவிஷன் 1-ல் பேஸ்பால் டீம் ஒன்றுக்கு 11.7 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு, அதையும் பலருக்குப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். 2025-ல் விதி மாறி அந்த உச்சவரம்பு போய்விட்டது, ஆனால் புது விதியை ஏற்ற கல்லூரிகளில் ஒரு டீமில் 34 பேர்தான் என்ற வரம்பு வந்துவிட்டது. டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

மேட்ச் முடிந்ததும் பையன்கள் உடனே வர மாட்டார்கள். பிட்சர் நின்ற மேட்டில் காலால் தோண்டிய பள்ளத்தில் களிமண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்துச் சமமாக்குவார்கள். அதைப் பாதியில் விட்டு வரச் சொல்லி ஹாரன் அடிக்காதீர்கள். காரில் ஏறியதும் அந்த மூன்றாவது இன்னிங்ஸில் விட்ட கேட்ச்சைப் பற்றி ஆரம்பிக்கவும் வேண்டாம், அவனுக்கே அது மறந்திருக்காது. நான் முதல் வருடம் முழுவதும் அந்தத் தவறைச் செய்தேன், வீடு வரும்வரை அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவான். நிறுத்திய பிறகு, தோற்ற நாளிலும் ஏறிய உடனே ஒரே கேள்விதான் கேட்பான். "அப்பா, சாப்பிட என்ன இருக்கு?"