படப்புத்தகத்தை இசை நாடகமாக்குவது எப்படி

ஒரு படப்புத்தகத்தை மேடைக்குக் கொண்டுவர முனைபவர்களில் பலர், அதிலுள்ள வாக்கியங்களைத் தாளில் எழுதிப் பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நடுநடுவே எங்கே பாட்டு வைக்கலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். இந்த வழியில் போனால் கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்தை நிரப்பப் புத்தகத்தில் இல்லாத ஒரு வில்லனும், ஒரு குழு நடனமும், கடைசியில் ஓர் அறிவுரையும் உள்ளே வந்து சேரும். படப்புத்தகத்தில் கதையின் பாதி சொல்லில் இல்லை, படத்தில்தான் இருக்கிறது. சொல்லை மட்டும் எடுத்துவந்தால் பாதிக் கதையைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக, நாற்பது ஐம்பது நிமிட இசை நாடகம் ஒன்றை உருவாக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் நாடகக் குழுவினருக்கும் இதை எழுதுகிறேன். பாட்டுக்கான இடத்தைப் படத்தில் தேடுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

முதல் வேலை, பக்கங்களைச் சுவரில் ஏற்றுவது. அச்சுத்தாள் மடிப்பின் கணக்கால் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. தலைப்புப் பக்கங்கள் போக, கதைக்குப் பதினைந்துக்குக் குறைவான இரட்டைப் பக்கங்களே கிடைக்கும். ஒவ்வோர் இரட்டைப் பக்கத்துக்கும் ஒரு தாள் எடுத்து, அதில் மூன்று வரி எழுதுங்கள். எழுத்து என்ன சொல்கிறது என்பது முதல் வரி. எழுத்து சொல்லாமல் படம் மட்டும் என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. இந்தப் பக்கம் வரும்போது கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை என்ன செய்கிறது என்பது மூன்றாவது: விரலை வைத்துக் காட்டுகிறதா, அம்மாவை ஒட்டி உட்காருகிறதா, அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை நீட்டுகிறதா? மூன்றாவது வரியைக் கற்பனையில் எழுதக் கூடாது. நான்கைந்து குழந்தைகளுக்குப் புத்தகத்தை உண்மையாகவே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். நாடகத்தின் எலும்புக்கூடு பின்னால் அந்த வரியிலிருந்துதான் கிடைக்கப்போகிறது.

விளக்கத்துக்காக ஒரு சிறு கதையை வைத்துக்கொள்வோம். ஒரு சிறுமி தன் ஆட்டுக்குட்டியைத் தேடி ஊரெல்லாம் அலைகிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து, "அங்கே இல்லை" என்று மட்டும் சொல்கிறது. படத்திலோ வைக்கோற்போருக்குப் பின்னால், திண்ணைத் தூணுக்கு அப்பால், துணிக்கொடியின் கீழே என்று ஏதோ ஒரு மூலையில் ஒரு வெள்ளை வால் தெரிகிறது. சிறுமிக்குத் தெரியாதது வாசிக்கும் குழந்தைக்குத் தெரிந்திருப்பதுதான் இந்தக் கதையின் உயிர். இதை வசனமாக எழுதவே முடியாது. பாட்டாக்க முடியும். சிறுமியும் பின்பாட்டுக் குழுவும் இப்படிப் பாடட்டும்:

எட்டிப் பார்த்தேன் கிணற்றடியில் – இல்லை!
கட்டிப் போட்ட கயிறிருக்கு – குட்டி இல்லை!
முட்டி போட்டுத் திண்ணையின்கீழ் – இல்லை!

மேடையில் ஒவ்வொரு "இல்லை"யின் போதும் வால் ஆடுமானால், இரண்டாவது வரி முடிவதற்குள் அரங்கத்தில் இருக்கும் குழந்தைகள் "இருக்கு! இருக்கு!" என்று கத்தத் தொடங்கிவிடுவார்கள். யாரும் அவர்களை "சத்தமாகச் சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று தூண்ட வேண்டியதில்லை. சுவரில் ஏற்றிய தாளின் மூன்றாம் வரியில் எழுதிய குழந்தையின் செய்கை இப்படித்தான் மேடைக்கு வருகிறது.

பாட்டு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இரண்டு நல்ல முன்மாதிரிகள் உண்டு. மோ வில்லெம்ஸ் எழுதி வரைந்த 'நஃபுல் பன்னி' புத்தகத்தில், இன்னும் பேச்சு வராத குழந்தை தன் முயல் பொம்மையைச் சலவைக்கடையில் விட்டுவிட்டதை அப்பாவிடம் சொல்லத் தவிக்கிறது. வாயில் வருவதெல்லாம் பொருளற்ற ஒலிகள். வாஷிங்டனின் கென்னடி மையத்தில் 2010-இல் அது இசை நாடகமானபோது, அந்த ஒலிகளே ஒரு முழுப் பாட்டாயின. வார்த்தை கிடைக்காத இடத்தில்தான் அந்தப் பாத்திரத்துக்குப் பாட வேண்டிய தேவை வருகிறது என்பதை வில்லெம்ஸே நாடகப் பிரதியையும் எழுதியதால் சரியாகப் பிடித்தார். மற்றது மாரிஸ் சென்டாக்கின் 1963-ஆம் ஆண்டுப் புத்தகமான 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்'. சிறுவனும் பூதங்களும் கூத்தடிக்கும் மூன்று இரட்டைப் பக்கங்களில் அங்கே ஒரு சொல்கூட இல்லை. ஆலிவர் நுசன் இசையமைக்க, சென்டாக்கே பாடல்பிரதி எழுதிய ஓபரா 1980-இல் பிரஸ்ஸல்ஸில் மேடையேறியபோது, அந்தக் கூத்தை வாத்தியங்கள் ஏற்றுக்கொண்டன. உங்கள் புத்தகத்தில் சொல்லற்ற பக்கம் இருந்தால், அங்கே பாட்டு எழுத உட்காராதீர்கள். மேளத்துக்கும் உடலுக்கும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பக்கம் புரட்டுதல். படப்புத்தகத்தில் எதிர்பார்ப்பு உருவாவது இரண்டு படங்களுக்கு நடுவே, தாள் திரும்பும் அந்த நொடியில். இதற்கு ஈடான ஒன்றை மேடையில் செய்ய வேண்டுமே என்று பலர் எல்இடி திரையை வாடகைக்கு எடுத்துப் பக்கங்களையே ஒளிபரப்புகிறார்கள். அதை நான் உறுதியாகத் தவிர்க்கச் சொல்வேன். ஒளிரும் திரை இருக்கும் மேடையில் குழந்தையின் கண் நடிப்பவரிடம் நிற்காது. நம் தெருக்கூத்தில் இதற்கு நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வேடமிட்டவர் நேரே அவைக்கு வந்துவிடுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாட, சலங்கையொலி மட்டும் கேட்க, பார்ப்பவர்களின் ஆவல் ஏறிய பிறகுதான் திரை விலகும். இரண்டு குழந்தைகள் பிடித்த ஓர் எட்டு முழ வேட்டி போதும். துணி மேடையின் குறுக்கே நடந்து போகும்போது ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திறக்கிறது. அதே துணி தாழ்ந்தால் ஆறு, உயர்ந்தால் சுவர், அதன் ஓரத்தில் வால் எட்டிப் பார்த்தால் ஒளியும் இடம். கதை சொல்பவர் தேவைப்பட்டால், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனை அழைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று பேசுவதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

அந்த வாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்கு ஆட்டுவேடம் போட்டு மேடையில் நிறுத்தினால் கதை அங்கேயே செத்துவிடும். வெள்ளைத் துணியை அரை முழத்துக்குச் சுருட்டிப் பஞ்சு திணித்து, ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டினால் வால் தயார். ஓர் ஒத்திகையில், அதைப் பிடித்திருந்த எட்டு வயதுச் சிறுவன் கொடி ஆட்டுவதுபோல் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தான்; பார்த்தவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "குட்டி ஒளிந்திருக்கிறது. அதற்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரித்தால் மாட்டிக்கொள்ளும்" என்று அவனிடம் சொன்னேன். அடுத்த முறை வால் இரண்டு தடவை துடித்து, சட்டென்று விறைத்து நின்று, பிறகு மெதுவாகத் துணிக்குள் இறங்கியது. உட்கார்ந்திருந்த மற்றக் குழந்தைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எப்படி ஆட்டுவது என்று சொல்வதைவிட, பொருளுக்கு என்ன மனநிலை என்று சொல்வது குழந்தை நடிகர்களுக்கு உடனே புரிகிறது.

இனி பாட்டு எழுதும் முறை. தமிழில் வரியின் கடைசி ஒலி மட்டும் ஒத்துப்போனால் போதாது. அடுத்த வரியின் முதற்சொல் எதுகையாகவோ மோனையாகவோ அமைந்தால்தான், மேடையில் திகைத்து நிற்கும் குழந்தைக்கு அது தானாக நாவில் வரும். மேலே உள்ள எட்டி, கட்டி, முட்டி என்பவை அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல; அவை மறதிக்கு மருந்து. நீட்டிப் பாடும் இடங்களில் நெடில் வர வேண்டும். "எங்கே போனாய்" என்பதில் போ, னா இரண்டும் குரல் நிற்க இடம் தருகின்றன. "எங்கே சென்றது" என்று எழுதி அதன் கடைசியில் ராகத்தை இழுத்தால், குற்றியலுகரம் தாங்காது. "சென்றதூ" என்று வேறு ஏதோ ஆகிவிடும். பாரதியின் 'பாப்பா பாட்டு' "ஓடி" என்று வாயைத் திறந்த ஓகாரத்தோடு தொடங்குவதைக் கவனித்தால், குழந்தைக்கு எந்த எழுத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

மொழிநடையிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நம் படப்புத்தகங்களில் பல எழுத்து வழக்கில் இருக்கின்றன. "அம்மா, என் குட்டியைக் காணவில்லை" என்று ஒரு குழந்தை மேடையில் சொன்னால் அது பாடம் ஒப்பிப்பதாகவே கேட்கும். பாத்திரங்கள் பேச்சு வழக்கில் பேசட்டும், கட்டியங்காரன் நூலின் வாக்கியங்களை அவற்றின் நடையிலேயே சொல்லட்டும், பாட்டு இரண்டுக்கும் நடுவே நிற்கட்டும் என்பது நான் கையாளும் பங்கீடு. புத்தகத்தின் சொல்லுக்கும் மரியாதை கிடைக்கிறது, குழந்தையின் வாயும் இயல்பாக இருக்கிறது.

மெட்டைப் பொறுத்தவரை எளிமையே நல்லது. படப்புத்தகம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றும். இசையும் அதையே செய்யலாம்: தேடல் பாட்டு ஐந்து முறை வந்தால் ஐந்து முறையும் ஒரே மெட்டு, முதலில் தாளம் மட்டும், பிறகு டோலக், பிறகு ஆர்மோனியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கும்மி, தெம்மாங்கு, நொண்டிச்சிந்து மெட்டுகள் தாராளமாகக் கிடைக்கும்போது சினிமா மெட்டுக்குப் போகத் தேவையில்லை. சினிமா மெட்டு கேட்டவுடன் குழந்தைகளின் நினைவு அந்தப் படத்துக்கு ஓடிவிடும். சுருதி பெரியவருக்கு வசதியான, தாழ்ந்த ஒரு கட்டையில் இருக்கக் கூடாது. ஐந்து முதல் ஆறு கட்டை வரை வைத்துப் பார்த்து, பெரும்பான்மைக் குழந்தைகள் கத்தாமல் பாடும் இடத்தில் நிறுத்துங்கள். மெட்டு முழுவதும் ஒரு ஸ்தாயிக்குள் அடங்கட்டும்.

பதிவு செய்த பின்னணி இசையைவிட ஓர் ஆர்மோனியமும் ஒரு டோலக்கும் எவ்வளவோ மேல். நான் உதவிக்குச் சென்றிருந்த ஒரு பள்ளி ஆண்டு விழாவில், தலைப்பாகை அவிழ்ந்துவிட்டதால் ஒரு சிறுமி நான்கு நொடி தாமதித்தாள். ஒலிப்பதிவு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. பாட்டு முடியும்வரை அவள் வாயைத் திறக்காமல் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. வாசிப்பவர் எதிரே இருந்திருந்தால் அந்த வரியை மறுபடி எடுத்துக் கொடுத்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது.

அனுமதியைப் பற்றிக் கதையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே யோசித்துவிட வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. எழுதியவர் வேறு, வரைந்தவர் வேறு என்றால் இருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு, படத்திலுள்ள உருவத்தை அப்படியே வேடமாக்குவதும் அதில் அடங்கும். கல்வி நிறுவனத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்ப்பவர்களும் அவர்களும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்களும் மட்டுமே என்றால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துவதற்கு விலக்கு அளிக்கிறது. கதையை மாற்றி எழுதுவதற்கும், டிக்கெட் விற்பதற்கும், யூடியூபில் ஏற்றுவதற்கும் அந்த விலக்கை நம்ப வேண்டாம். பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். முதன்முதலாகச் செய்பவர்களுக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் வசதியானது. தமிழிலும் ஏராளமான படப்புத்தகங்கள் அங்கே உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை, பிறர் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர், பதிப்பாளர் பெயர்களைக் குறிப்பிட்டு, மாற்றம் செய்திருப்பதையும் சொல்லிவிட்டு, நாடகமாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் உள்ள உரிமக் குறிப்பை மட்டும் படித்துவிடுங்கள்.

வேடம், ஒளி, ஒலி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓவியர் அதிகம் பயன்படுத்திய மூன்று நிறங்களைப் பொறுக்கி, உடைகளையும் துணிகளையும் அவற்றுக்குள் நிறுத்துங்கள். புத்தகத்தின் முகம் தானாக வந்துவிடும். குழு பெரிதாக இருந்தால் எல்லாருக்கும் தனி வேடம் தேடாமல், இருபது பேரையும் ஒரே மழையாக, ஒரே சந்தையாக, ஒரே பேருந்தாக ஆக்குங்கள். மைக் செட்காரரிடம் மேடை விளிம்பில் இரண்டு மைக் வைக்கச் சொல்லி, ஒத்திகைக்கும் ஒரு முறை வரவழையுங்கள்.

ஒத்திகைக்கு வாரம் இரு நாள் வீதம் எட்டு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் மெட்டே வேண்டாம். பாட்டைக் கைதட்டிச் சொல்ல மட்டும் பழக்குங்கள். ஆறாவது வாரத்தில், புத்தகத்தை அறியாத பத்துச் சிறு குழந்தைகளை உட்காரவைத்து முழுவதையும் நடத்திக் காட்டி, நீங்கள் மேடையைப் பார்க்காமல் அவர்களையே பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் திரும்பிப் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குகிறார்களோ, அந்த இடத்தைத் தாளில் குறித்து, அன்றிரவே வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் அது பெரியவர்களுக்கு மிகவும் பிடித்த வசனமாகத்தான் இருக்கும்.

முடிவைப் புத்தகத்திடமே விட்டுவிடலாம். பல படப்புத்தகங்களில், கதை முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில் எழுத்தில்லாத ஒரு சிறு படம் இருக்கும். அதை மறந்துவிட்டு, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நீதி சொல்ல வைக்காதீர்கள். சிறுமி குட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள், பாட்டு முடிந்தது, குழந்தைகள் வணங்கிவிட்டார்கள், துணியும் சுருட்டப்படுகிறது. சுருட்டுபவர்களின் பின்னால், இப்போது ஒன்றல்ல, இரண்டு வால்கள் தெரியட்டும். அந்த நேரத்தில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.