பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிட்ட பழைய வீட்டைப் புதுப்பிக்கப் பணம் திரட்டுவது எப்படி? புதுச்சேரி வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

புதுச்சேரியில் தாத்தா காலத்து வீடு வைத்திருப்பவர்களில் பலர், கூரை ஒழுகியதும் நேராக பேங்குக்குத்தான் போகிறார்கள். "அப்ரூவல் எங்கே, எஸ்டிமேட் எங்கே, எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடுவார்களா?" என்று மேனேஜர் கேட்டதும் சோர்ந்துபோய்த் திரும்பிவிடுகிறார்கள். அதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்துவிடும். பணமே இல்லாமல் கைவிடப்பட்ட வீடுகளைவிட, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் கைவிடப்பட்டவைதான் அதிகம் என்பது என் எண்ணம். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பத்திரம்

வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் இவற்றை முதலில் எடுத்து வையுங்கள். வீடு கூட்டுச் சொத்தாக இருந்தால் எல்லாப் பங்குதாரர்களும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும். புதுச்சேரிக் குடும்பம் என்றால் ஒரு சித்தப்பாவோ அக்காவோ பிரான்சில் இருப்பது சகஜம். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தங்கள் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் தேவை. பேங்க் வக்கீல் அதைப் படித்துத்தான் கருத்து எழுதுவார்.

படி 2: வீட்டின் உடல்நிலை, அதிலிருந்து எஸ்டிமேட்

இதில் அவசரப்படாதீர்கள். பழைய கட்டடங்களில் வேலை செய்து பழகிய ஆர்க்கிடெக்ட் ஒருவரையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரையும் வைத்து வீட்டை முழுக்கப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் கட்டணம் வீண்செலவு இல்லை. கடன், அனுமதி, மானியம் மூன்றுக்கும் இந்த அறிக்கைதான் அடிப்படை.

முக்கியமாகக் கூரை. நம் பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். தேக்கு உத்தரம், அதன்மேல் மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கிய சின்னச் செங்கற்கள், அதற்கு மேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காங்கிரீட், கடைசியாகத் தட்டோடு. அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் சட்டங்கள் கல்போல இருக்கும். ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கும் அவற்றின் முனைகளில்தான் ஈரம் ஏறி மரம் இற்றுப்போயிருக்கும். அங்கே கொஞ்சம் பூச்சைத் தட்டிவிட்டு ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மாவாக உள்ளே இறங்கினால் அந்தச் சட்டம் போய்விட்டது. எத்தனை சட்டம் மாற்ற வேண்டும் என்பதை எண்ணி எழுதிய எஸ்டிமேட்டும், "கூரை வேலை, மொத்தமாக" என்று ஒரே வரியில் எழுதிய எஸ்டிமேட்டும் பேங்கில் ஒரே மதிப்புப் பெறாது.

எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரியுங்கள்: வீடு நிற்கத் தேவையானவை (கூரை, உத்தரம், சுவர் விரிசல், நீர் வடிகால்), குடியிருக்கத் தேவையானவை (வயரிங், குழாய், கழிவறை), அழகுக்கானவை. கடன் குறைந்தால் மூன்றாவதைத் தள்ளிப்போடலாம், முதலாவதை முடியாது. பழைய கட்டடத்தில் பிரித்துப் பார்த்தால்தான் சில சேதங்கள் தெரியும், ஆகவே மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். ஒப்பந்தக்காரர் ரேட்டில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா இல்லையா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

படி 3: அனுமதி

வீடு எந்தத் தரத்தில் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்று நகர அமைப்புக் குழுமத்தில் கேளுங்கள். முகப்பு, திண்ணை, தாழ்வாரம், முற்றம் இவற்றில் கை வைக்கும் வேலை பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்குப் போகும். கடனுக்கு மனுப் போடுவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். அனுமதி இல்லாத வேலைக்கு பேங்க் பணம் விடாது. பாதியில் வேலை நின்றால் வட்டி மட்டும் நிற்காது.

படி 4: பணம் எங்கிருந்து?

வீட்டுக்கடன் பிரிவிலேயே பழுதுபார்ப்புக்கென்று தனிக் கடன் உண்டு. ஏற்கெனவே வீட்டுக்கடன் இருந்தால் டாப்-அப், அதாவது அதன்மேல் கூடுதல் கடன், கேட்கலாம். சொத்து அடமானக் கடன் கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் வட்டி கூடுதல். பர்சனல் லோனில் கூரை மாற்றாதீர்கள், வட்டி தாங்காது.

தோராயக் கணக்கு: 9 சதவீத வட்டியில் 15 வருடத்துக்கு, ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 10,140 ரூபாய். 10 வருடம் என்றால் சுமார் 12,670. மிதக்கும் (அவ்வப்போது மாறும்) வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. எனவே நீண்ட காலம் போட்டுக்கொண்டு, கையில் பணம் வரும்போதெல்லாம் கட்டிவிடுவதே நல்லது.

பேங்க் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைக் கழித்தால் சுவருக்கும் தேக்குக்கும் பெரிய மதிப்பு நிற்காது, நிலமதிப்புதான் கைகொடுக்கும். "இந்தக் கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருடம் ஆயுள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இன்ஜினியரின் உறுதிச் சான்றில் அந்த ஆயுள், கடன் காலத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

மானியத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஆனால் கேட்காமலும் விடாதீர்கள். வைசியாள் தெருவில் 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு நடந்த ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், வீட்டுக்காரர்களும் திட்டமும் செலவைப் பகிர்ந்துகொண்டு தெருமுகப்புகளைச் சீர்செய்தார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்நின்று செய்த வேலை அது. யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று 2008-ல் அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. இப்போது ஏதாவது உதவி உண்டா என்று இன்டாக் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், அதுவும் வேலை தொடங்கும் முன்பே.

வீட்டை ஹோம்ஸ்டேயாகவோ கடையாகவோ மாற்றும் எண்ணம் இருந்தால் பேங்கில் மறைக்காதீர்கள். வணிகக் கடனுக்கு வட்டியும் நிபந்தனையும் வேறு. பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள் போன்ற தமிழ் வீடுகள் ஓட்டலாக மாறி உயிர்பிழைத்திருக்கின்றன, மதிக்க வேண்டிய வழிதான்.

படி 5: தவணையும் சுண்ணாம்பும்

பேங்க் பணத்தை மொத்தமாகத் தராது, வேலை முடிய முடியத்தான் விடும். அவர்களிடம் இருக்கும் பட்டியல் புதுக் கட்டடத்துக்கானது: அஸ்திவாரம், லிண்டல், ரூஃப். பழைய வீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் ஆர்க்கிடெக்டை வைத்து வேறு பட்டியல் எழுதிக் கொடுங்கள்: கூரை பிரித்துச் சட்டம் மாற்றியது ஒன்று, டெரஸ் மறுபடி போட்டது இரண்டு, சுவர்ப்பூச்சு மூன்று, வயரிங்கும் குழாயும் நான்கு.

மரம்தான் சிக்கல். தேக்கை முதலிலேயே காசு கொடுத்து வாங்க வேண்டும், அடுக்கி வைத்த மரத்துக்கு பேங்க் பணம் விடத் தயங்கும். எப்படியும் 20, 25 சதவீதம் நீங்கள் கைப்பணம் போட்டாக வேண்டும், அதை மரத்துக்கே ஒதுக்கிவிடுங்கள். சுண்ணாம்புப் பூச்சும் சிமென்ட் மாதிரி இல்லை. ஒவ்வொரு பூச்சும் இறுக நாள் எடுக்கும். தவணை வரவேண்டும் என்பதற்காகக் கொத்தனாரை விரட்டினால் பூச்சு வெடிக்கும். அந்த இடைவெளியில் கூலி கொடுக்க ஒரு நகைக்கடன் போதும், அடுத்த தவணையில் மீட்டுவிடலாம்.

படி 6: வரி

நீங்களே குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கு, பழைய வரிமுறையில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வட்டிக்குத்தான் கழிவு. புதுக் கட்டடத்துக்கான 2 லட்சம் இதற்குக் கிடையாது. புதிய வரிமுறையில் இந்த 30,000-மும் இல்லை. வாடகைக்கு விட்ட பகுதி என்றால் அதற்கான வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். எல்லா பில்லையும் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் வீடு கைமாறினால், பெரிய மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

படி 7: காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கூரையைத் திறந்து வைக்க முடியாது. ஜனவரியில் கூரை பிரித்தால் செப்டம்பருக்குள் டெரஸ் இறுகி, தட்டோடும் போட்டு முடியும். அதற்கு அனுமதியும் கடன் ஒப்புதலும் டிசம்பரிலேயே கையில் இருக்க வேண்டும். ஆகவே பத்திர வேலையை முந்தைய சித்திரையிலேயே தொடங்கிவிடுங்கள்.