மோதிரத்தின் உள்ளே தமிழில் ஒரு வரி

ராமன் கொடுத்தனுப்பிய கணையாழியில் அவன் பெயர் இருந்தது. இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து காதலர்கள் கொடுத்துக்கொண்ட போஸி மோதிரங்களில் முழு வரியே இருக்கும். கவிதை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆரம்பத்தில் வரி வெளிப்பக்கம், பெரும்பாலும் பிரெஞ்சில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் உள்பக்கம் போய், போட்டவர் மட்டும் அறிந்த பேச்சானது. டர்பனில் அப்படியொன்றைத் தமிழில் செய்ய நினைப்பவர்கள் முதலில் இடக்கணக்கைப் பாருங்கள்.

விரல் அளவை மாலையில் எடுங்கள். காலையில் விரல் சிறுத்திருக்கும். டர்பன் கோடையில் இன்னும் வீங்கும். கடையில் அளவை ஆங்கில எழுத்தில் சொல்வார்கள், நீங்கள் உள்விட்டத்தைக் கேளுங்கள். 17 மி.மீ. என்றால் உள்சுற்று சுமார் 53 மி.மீ. தங்கத்தின் தரம் காட்டும் முத்திரைக்கும் பற்றவைத்த இடத்துக்கும் 8 விட்டால் மிச்சம் 45.

பட்டை 4 மி.மீ. அகலம், எழுத்து 2 மி.மீ. உயரம் இருக்கட்டும். ஒரு வடிவத்துக்குச் சராசரி 2.5 மி.மீ. பிடிக்கும். எழுத்தை எண்ணாதீர்கள், வடிவத்தை எண்ணுங்கள்: 'கோ' ஓரெழுத்துதான், ஆனால் கொம்பு, க, கால் என்று மூன்று இடம் கேட்கும். 'நீயே என் ஊர்' ஆறெழுத்து, ஏழு வடிவம். இடைவெளியோடு 22 மி.மீ.க்குள் அடங்கும். மிச்ச இடத்தில் கல்யாண ஆண்டைச் சேர்க்கலாம்.

உயரத்தை 1.5 மி.மீ.க்குக் கீழே இறக்கினால் 'ன்' புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும், 'ஊ'வுக்குள் இருக்கும் குட்டி 'ள' வெறும் கறையாகிவிடும்.

பெரிய ஆபத்து கணினியில் இருக்கிறது. பொறிக்கும் இயந்திரங்களின் மென்பொருள் பலவற்றுக்குத் தமிழ் தெரியாது. 'யே'யின் கொம்பு 'ய'வுக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக விலகி வட்டமாய் விழும். அதனால் எழுத்தாக அனுப்பாமல், கோட்டுருவாக, அதாவது எழுத்தின் விளிம்புகளை வெறும் கோடுகளாக, மாற்றிய படக்கோப்பாக அனுப்புங்கள். பிறகு அதே அளவில் காகிதத்தில் அச்சடித்து, தமிழ் சரளமாக வாசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள்: பாட்டியோ தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ, யாராயினும் சரி. வெட்டியபின் திருத்த முடியாது. சுரண்டினால் பட்டை மெலியும்.

22 காரட் மென்மையானது, எழுத்தின் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். 9 அல்லது 18 காரட் தாங்கும். லேசரைவிடக் கையுளி வெட்டு ஆழம், செலவும் கூட. வாழ்நாள் முழுக்கப் போடுவதற்கு அதுதான் சரி. மெருகை முதலிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள். வெட்டியபின் அழுத்தி மெருகிட்டால் எழுத்து தேயும்.

பிற்பாடு அளவு மாற்றக் கொடுத்தால், எழுத்தில்லாத அந்த 8 மி.மீ.யில் மட்டும் அறுக்கச் சொல்லுங்கள்.