பால் பவுடர் டின்னில் முகாம் விளக்கு: சுடர் அணையாமல் இருக்க

டின்னை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் துளை போட்டுச் செய்த விளக்கு முகாமில் சரிப்படவில்லை. எல்லாத் துளையிலும் காற்று புகுந்து சுடரை அணைத்தது. வெளிச்சமும் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. டின்னைப் படுக்கவைத்ததும் இரண்டும் தீர்ந்தன. அடித்தகடு காற்று வரும் பக்கம் இருந்தால் போதும், உட்புறப் பளபளப்பு வெளிச்சத்தை முன்னால் தள்ளிவிடும்.

10 செ.மீ. விட்டமுள்ள டின் எடுங்கள். முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைத்த பிறகே வெட்டுங்கள். ஐஸ் உள்ளே தாங்குவதால் ஆணி அடித்தாலும் தகரம் நசுங்காது. விளிம்புவரை ஊற்றினால் ஐஸ் விரிந்து அடித்தகடு பிதுங்கிவிடும்.

வயிற்றுப் பகுதியின் நடுவில் பெருக்கல் குறிபோல இரண்டு வெட்டு. 2 செ.மீ. தடிமன் மெழுகுவர்த்திக்கு ஒவ்வொரு வெட்டும் 2.5 செ.மீ. வெட்டில் உருவாகும் நான்கு முக்கோணப் பற்களையும் உள்பக்கம் மடக்கி, கீழிருந்து மெழுகுவர்த்தியைச் செருகினால் பற்கள் கவ்விப் பிடிக்கும், நழுவாது. எரிய எரிய மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: சுடர் பற்களை நெருங்கினால் தகரம் சூடேறி, மெழுகு இளகி, மெழுகுவர்த்தி கழன்று விழும். எப்போதும் 2 செ.மீ. இடைவெளி வேண்டும்.

சுடருக்கு நேர் மேலே ஐந்தாறு ஆணித் துளைகள், சூடு வெளியேற. கட்டுக்கம்பிக் கைப்பிடி 15 செ.மீ. உயரம் இருந்தால் கை சுடாது. வெட்டிய விளிம்புகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது. துணி பற்றிக்கொள்ளும், கார்பன் மோனாக்சைடும் சேரும்.