சர்க்கரை கடத்தும் நொதியின் வேகத்தை அளக்கும் முறை

கிளைக்கோசைல் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதிகள் வழங்கி மூலக்கூறு ஒன்றிலிருந்து சர்க்கரை அலகை எடுத்து ஏற்பியில் பிணைக்கின்றன. பீட்டா-1,4-கேலக்டோசைல் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதிக்கு யுடிபி-கேலக்டோஸ் (யுடிபி என்னும் யூரிடின் டைபாஸ்பேட்டுடன் பிணைந்த கேலக்டோஸ் சர்க்கரை) வழங்கி, என்-அசிட்டைல் குளுக்கோசமைன் ஏற்பி. ஒவ்வொரு முறை சர்க்கரை கைமாறும்போதும் ஒரு யுடிபி விடுபடுகிறது. அந்த யுடிபியை அளந்தால் நொதியின் வேகம் தெரியும்.

இதற்கு இரண்டு துணை நொதிகள் வேண்டும். பைருவேட் கைனேஸ், பாஸ்போஈனால்பைருவேட்டின் பாஸ்பேட்டை யுடிபிக்கு மாற்றிப் பைருவேட்டைத் தரும். அதை லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் லாக்டேட் ஆக்கும்போது, 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் துணைப்பொருளான என்ஏடிஹெச் செலவாகி, அந்த ஒளி உறிஞ்சல் குறையும். 1 செ.மீ. ஒளிப்பாதையில் நிமிடத்திற்கு 0.0622 குறைந்தால், லிட்டருக்கு 10 மைக்ரோமோல் சர்க்கரை கடத்தப்பட்டதாகக் கொள்ளலாம்.

இந்த நொதிக்கு மாங்கனீசு அயனி இன்றியமையாதது. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) மாங்கனீசு வீழ்படிவாகிவிடும் என்பதால், நடுநிலையை ஒட்டிய டிரிஸ் அல்லது ஹெப்பெஸ் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். பைருவேட் கைனேஸுக்காகப் பொட்டாசியம் குளோரைடையும் மக்னீசியத்தையும் சேர்க்க வேண்டும். ஏற்பி உட்பட எல்லாவற்றையும் கலந்தபின், வழங்கியுடன் கலந்துவந்த யுடிபி செலவாகி உறிஞ்சல் நிலைபெறும் வரை பொறுத்திருந்து, இறுதியில்தான் அளக்க வேண்டிய நொதியை இட வேண்டும்.

முடிவின் நம்பகம் முழுவதும் ஒப்பீட்டுக் கலவையைப் பொறுத்தது. ஏற்பி இல்லாவிட்டாலும் இத்தகைய நொதிகள் சில, வழங்கியை நீரால் பிளந்து யுடிபியை விடுவிக்கும். அது கடத்தல் அன்று. ஆகவே ஏற்பியை மட்டும் விலக்கிய கலவையின் வேகத்தைக் கழிக்காமல் எந்த எண்ணையும் பதியக் கூடாது என்பதை நான் உறுதியாக வலியுறுத்துவேன். அடுத்து, நொதியை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்காக வேண்டும், துணை நொதிகளை இருமடங்காக்கினால் மாறக் கூடாது. மாறினால் அளந்தது துணை நொதிகளின் வேகமே.

தூய்மைப்படுத்தாத திசுச் சாற்றில் என்ஏடிஹெச்சைச் செலவழிக்கும் வேறு நொதிகளும் இருப்பதால் இம்முறை பொருந்தாது. அங்கே கதிரியக்கக் குறியிட்ட வழங்கியை இட்டு, வினைக்குப்பின் எதிரயனிப் பரிமாற்றப் பிசின் வழியே செலுத்த வேண்டும். எதிர்மின்னேற்றமுள்ள வழங்கி பிசினில் தங்க, மின்னேற்றமற்ற விளைபொருள் வெளியேறும். ஏற்பியே எதிர்மின்னேற்றம் உடையதாயின் இந்தப் பிரிப்பு பயன்படாது.